ஆக்ஸிலேட்டரை விட்டதும் வெடிக்கும் சைலன்சர்

ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் ஆக்ஸிலேட்டரை முழுதாக விட்ட அடுத்த நொடியில் சைலன்சருக்குள் 'டப், டப்' என்று கேட்கும் வெடிச் சத்தம், இன்ஜினுக்குள் எரிந்து முடிந்திருக்க வேண்டிய பெட்ரோல் அங்கே எரியாமல் தப்பி, வெளியேறும் வழியில் காற்றோடு சேர்ந்து தீப்பிடிப்பதால் உண்டாகிறது. இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் எரியாத பெட்ரோல் வெளியே வருகிறதென்றால் உள்ளே பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று முடிவுகட்டி, வண்டி பட்டறைக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கார்புரேட்டரின் திருகைத் திருப்பிப் பெட்ரோலைக் குறைக்கும் பழக்கம் பல இடங்களில் வேரூன்றிவிட்டது. பெரும்பாலான வண்டிகளில் நிலைமை இதற்கு நேர்மாறானது. பெட்ரோல் குறைந்து, காற்று மிகுந்து, கலவை நீர்த்துப்போனதால்தான் அது சிலிண்டருக்குள் பற்றாமல் போகிறது. மேலும் குறைத்தால் சத்தம் கூடுமே தவிர அடங்காது.

இது ஏன் என்பது, ஆக்ஸிலேட்டரை விடும்போது இன்ஜினுக்குள் நிகழ்வதைப் பார்த்தால் விளங்கும். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடைக்கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. இந்த விகிதத்திலிருந்து இரு பக்கமும் ஓரளவு விலகினாலும் கலவை பற்றும். ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் ஸ்பார்க் பிளக்கில் பொறி பாய்ந்தும் தீ பரவாது. நிமிடத்துக்கு 5,000 சுற்று வேகத்தில் ஓடும் இன்ஜினின் த்ராட்டில், அதாவது காற்று நுழையும் வழியைத் திறந்து மூடும் தடுப்பு, திடீரென்று மூடப்பட்டாலும் ஓடுகிற வண்டியின் உந்தம் இன்ஜினை அதே வேகத்தில் சுழற்றிக்கொண்டேயிருக்கிறது. பிஸ்டன் காற்றை இழுக்கிறது, வழியோ அடைபட்டிருக்கிறது. ஆகவே இன்டேக் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய கால் பங்காக வீழ்ந்து கடும் வெற்றிடம் உண்டாகிறது. இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்தாற்போல் திறந்திருக்கும் அந்தக் குறுகிய இடைவேளையில், வெளியேற வேண்டிய எரிந்த புகையையே இந்த வெற்றிடம் திரும்பவும் உள்ளே இழுத்துவிடுகிறது. அடுத்த முறை பொறி பாயும்போது சிலிண்டருக்குள் இருப்பது கொஞ்சம் புதுக் கலவையும் நிறையப் பழைய புகையும்தான்.

இப்படிப் புகை கலந்து மழுங்கிய கலவை எரிந்தால் மெதுவாக எரியும், அல்லது எரியவே எரியாது; பெட்ரோல் ஏற்கெனவே குறைந்திருந்தால் இது இன்னும் எளிதில் நேரும். எரியாமல் போன கலவை அப்படியே சைலன்சருக்குள் தள்ளப்படுகிறது. அடுத்த சுற்றிலும் அவ்வாறே. ஆனால் எரியாத சுற்று ஒவ்வொன்றும் சிலிண்டரில் தங்கும் பழைய புகையைக் குறைத்து அங்கே புதுக் கலவையைச் சேர்ப்பதால், இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு ஒரு தடவை பற்றிக்கொள்கிறது. ஈர விறகு வெகுநேரம் புகைந்துவிட்டு அடுப்பு முழுவதும் குபீரென்று பற்றுவதைப் போன்றதுதான் இது. அந்த ஒரு தடவையும் தீ மெதுவாகப் பரவுவதால், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது எரிதல் முடிந்திருக்காது. எரிந்துகொண்டிருக்கும் சுடர் வெளியே வந்து, முந்தைய சுற்றுகளில் சைலன்சரில் சேர்ந்திருந்த கலவையைப் பற்றவைக்கிறது. கேட்பது அந்தச் சத்தம். ஆர்எக்ஸ் 100 போன்ற இரு வீச்சு வண்டிகள் ஆக்ஸிலேட்டர் விட்ட நிலையில் சீராக ஓடாமல் விட்டுவிட்டு அடிப்பதும் புகை தேங்குவதால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிவதன் விளைவே. த்ராட்டில் இல்லாமல், டீசலின் அளவைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழைய டீசல் இன்ஜினில் இந்தத் தொல்லைக்கே இடமில்லை; ஆக்ஸிலேட்டரை விட்டதும் அங்கே டீசல் நின்றுவிடுகிறது, காற்று தடையின்றிப் போய் வருகிறது.

ஆயினும் எரியாத கலவை மட்டும் சைலன்சரில் வெடிப்பை உண்டாக்கிவிடாது. அது எரிவதற்குப் போதிய ஆக்ஸிஜனும் அங்கே வேண்டும். கோளாறு தேடுபவர் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எக்ஸாஸ்ட் குழாயில், பட்டறை வழக்கில் பெண்டு பைப்பில், எப்போதும் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தமே இருக்கும் என்று தோன்றும். உண்மையில் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. அது கடந்த பின்னே குழாயின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்குகிறது. எனவே சிலிண்டர் ஹெட்டும் பெண்டு பைப்பும் சேரும் இடத்தில் பேக்கிங் பழுதாகி ஒரு மெல்லிய இடைவெளி விழுந்திருந்தால், அது ஒரு கணம் புகையை வெளியே துப்பி, அடுத்த கணம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டு ஓடும்போது புகையின் அளவு குறைந்து, உள்ளிழுப்பு ஓங்குகிறது. எரியாத கலவைக்குத் தேவையான காற்று, தீச்சுடர் வெளிவரும் வாசலிலேயே கிடைத்துவிடுகிறது.

இதே உள்ளிழுப்பை நன்மைக்குப் பயன்படுத்தும் ஒரு கருவியும் உண்டு. எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் குழாயிலேயே எரித்துவிடுவதற்காக, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வழியாக எக்ஸாஸ்ட் வாசலுக்குச் சுத்தமான காற்றை அனுப்பும் இந்த அமைப்பை இரண்டாம்நிலைக் காற்று அமைப்பு எனலாம். யமஹா இதை ஏஐஎஸ் என்றும், ஹோண்டாவும் சுஸுகியும் 'பேர்' (PAIR) என்றும், ராயல் என்ஃபீல்டு பல்ஸ் ஏர் வால்வு என்றும் அழைக்கின்றன. பம்பு எதுவுமின்றி, மேலே சொன்ன அழுத்த அலையே ஒருவழி நாக்கு வால்வு மூலம் காற்றை இழுத்துக்கொள்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் இந்தக் காற்று நின்றுவிட வேண்டும். அதற்காகவே இன்டேக் வெற்றிடத்தால் இயங்கும் ஒரு ரப்பர் உதரவிதானமோ மின் வால்வோ பொருத்தப்பட்டிருக்கிறது. அது பழுதாகி மூட மறுத்தால் வெடிப்புக்கு வேண்டிய காற்றை வண்டியே ஊட்டிவிடும். இந்தச் சிக்கல் புதிதுமன்று. 1966ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் விற்கப்பட்ட கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பம்பு மூலம் எக்ஸாஸ்டுக்குக் காற்று செலுத்தும் முறையைப் புகுத்தியது. அத்தகைய கார்களில் ஆக்ஸிலேட்டரை விடும்போது வெடிப்பு நேராமலிருக்கத் தனியே ஒரு வால்வு வைக்க வேண்டியிருந்தது.

சோதனை எங்கிருந்து தொடங்க வேண்டும்

சத்தம் வண்டியின் எந்த முனையிலிருந்து வருகிறது என்பதே முதல் கேள்வி. சைலன்சரின் வாலில் கேட்டால் அது இதுவரை பேசப்பட்ட வகை. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் அல்லது கார்புரேட்டர் வாயில் 'பொக்' என்று கேட்டால், தீ இன்டேக் வால்வு வழியாகப் பின்னோக்கி வந்திருக்கிறது. அதற்குக் காரணங்கள் வேறு. இன்டேக் வால்வு சரியாக அமராமை, இக்னிஷன் நேரம் பெரிதும் தவறியிருப்பது, ஆக்ஸிலேட்டரைத் திறக்கும் கணத்தில் கலவை மிகவும் நீர்த்திருப்பது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. எல்பிஜி, சிஎன்ஜி பொருத்திய கார்களில், குறிப்பாக மிக்சர் வகைக் கருவி உள்ளவற்றில், இன்டேக் குழாய் முழுவதும் எரியத் தயாரான கலவை நிறைந்திருப்பதால் இந்தப் பின்வெடிப்பு ஏர் ஃபில்டரின் பிளாஸ்டிக் பெட்டியையே உடைத்துவிடக்கூடும். அங்கே முதலில் பார்க்க வேண்டியவை பிளக்கும் அதற்குச் செல்லும் வயரும்.

இரண்டாவது கேள்வி, எப்போது கேட்கிறது என்பது. இதற்குச் சரியான விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். இன்ஜின் சூடேறும் முன் இரண்டு நிமிடம் மட்டும் கேட்டு, பிறகு மறைந்துவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாததால் கலவை நீர்த்திருக்கிறது. மேடேறும்போதோ, இருவர் அமர்ந்து இழுவை கூடும்போதோ இன்ஜின் மிஸ் ஆகி, ஆக்ஸிலேட்டரை விடும்போது வெடிக்கவும் செய்தால் பொறியின் மீது சந்தேகம் திரும்ப வேண்டும். ஏனெனில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூடப் பிளக்கின் இடைவெளியைப் பொறி தாண்டுவது கடினமாகிறது. பலவீனமான இக்னிஷன் காயிலும் தேய்ந்த பிளக்கும் இழுவையின்போதுதான் தம்மைக் காட்டிக்கொடுக்கின்றன. மாறாக, வண்டி நன்றாக இழுக்கிறது, எந்த வேகத்திலும் மிஸ் இல்லை, ஆக்ஸிலேட்டரை விடும்போது மட்டும் வெடிக்கிறது என்றால் காயிலையும் பிளக்கையும் மாற்றிப் பணத்தை வீணாக்குவதற்கு முன் காற்றுக் கசிவையும் குறைவேகப் பெட்ரோல் வழியையும் பார்ப்பதே முறை. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காததால் மாற்றப்பட்ட நல்ல காயில்கள் எத்தனையோ!

சைலன்சரை மாற்றிய நாள் முதல் தொடங்கிய சத்தம் என்றால் தேடல் இன்னும் எளிது. உள் தடுப்புகள் இல்லாத குட்டையான சைலன்சரில் வெளிக்காற்று வால் முனை வழியாகவே உள்ளே எட்டிப் பார்க்கும். முன்பு உள்ளேயே அடங்கியிருந்த சிறு வெடிப்பையும் அது மறைப்பதில்லை. போதாக்குறைக்கு, அதைப் பொருத்தியபோது பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டிருப்பார்கள். பெண்டு பைப்பின் பேக்கிங் பெரும்பாலும் ஒரு முறை நசுங்கி இடத்துக்கேற்பப் படியும் செப்பு வளையம் அல்லது நார் அடைத்த உலோக வளையம். ஒரு தடவை நசுங்கியது இரண்டாம் தடவை அதே அளவுக்கு அடைக்காது. சைலன்சரைப் பின்பக்கம் முதலில் இறுக்கிவிட்டு, பெண்டு பைப்பைக் கடைசியில் வலுக்கட்டாயமாக ஹெட்டோடு சேர்ப்பதும் தவறு. நட்டுகளைத் தளர்வாக மாட்டி, ஹெட் பக்கத்தை இரு புறமும் சமமாக இறுக்கிய பிறகே பின்பக்கத்தை இறுக்க வேண்டும். இன்ஜின் ஒரு முறை சூடேறிக் குளிர்ந்ததும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இணைப்பைச் சுற்றிக் கரி படிந்த கறுப்புக் கோடு தெரிந்தால் அதுவே போதுமான சான்று. தெரியாவிட்டால், இன்ஜின் முழுதும் குளிர்ந்திருக்கும்போது இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவி, வண்டியைக் கிளப்பி, சைலன்சரின் வால் முனையைத் தடித்த ஈரத்துணியால் ஒரு சில நொடிகள் ஓரளவு அடைத்துப் பிடித்தால், கசிவுள்ள இடத்தில் குமிழி கிளம்பும், அல்லது 'உஸ்' என்ற ஒலி கேட்கும். குழாய் சூடேறுவதற்குள் இதை முடித்துவிட வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் செய்யக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை.

கசிவு இல்லையென்று உறுதியான பிறகு இரண்டாம்நிலைக் காற்றுக் குழாய்க்கு வரலாம். அந்த ரப்பர் குழாயை ஒரு கிளிப்பால் தற்காலிகமாக நசுக்கி அடைத்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்க்கையில் வெடிப்பு நின்றுவிட்டால், காற்றை நிறுத்த வேண்டிய வால்வோ அதற்கு வெற்றிடத்தைக் கொண்டுசெல்லும் மெல்லிய குழாயோ பழுது என்பது தெளிவாகிவிடும். இது சோதனை மட்டுமே, சிகிச்சை அன்று. கார்புரேட்டர் உள்ள ராயல் என்ஃபீல்டு வண்டிகளில் இந்தக் குழாயை நிரந்தரமாக அடைத்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. சத்தம் போகும் என்பது உண்மையே, ஆனால் புகைக் கட்டுப்பாட்டுக்காக வைத்த ஒன்று வேலைசெய்யாமல் போகிறது, வெடிப்புக்குக் காரணமான நீர்த்த கலவையும் அப்படியே தொடர்கிறது. பழுதான வால்வை மாற்றுவதே நேரான வழி.

கார்புரேட்டரும் திருகும்

எக்ஸாஸ்ட் பக்கம் தீர்ந்தபின் இன்டேக் பக்கம். கார்புரேட்டரையும் ஹெட்டையும் இணைக்கும் ரப்பர் குழாய், வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் கிடந்து சில ஆண்டுகளில் கீறல் விட்டுவிடுகிறது; வெளியே கண்ணுக்குத் தெரியாத கீறலும் வளைத்துப் பார்த்தால் வாய் திறக்கும். ஆக்ஸிலேட்டரை விட்ட நிலையில் அங்கே வெற்றிடம் உச்சத்தில் இருப்பதால், அந்தக் கீறல் வழியாகக் கணக்கில் இல்லாத காற்று புகுந்து ஏற்கெனவே மெலிந்த கலவையை மேலும் மெலிய வைக்கிறது. ஐடிலிங் சீராக நிற்காமல் ஏறி இறங்குவதும், ஆக்ஸிலேட்டரை விட்டபின் சுற்று வேகம் உடனே தாழாமல் தொங்கி நிற்பதும் இதன் அடையாளங்கள். பட்டறைகளில் அந்த இடத்தில் பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ பீய்ச்சி, இன்ஜின் வேகம் மாறுகிறதா என்று பார்ப்பதுண்டு. சூடான எக்ஸாஸ்டுக்கு அருகே எரிபொருளைத் தெளிக்கும் இந்த முறையை எந்த வகையிலும் பரிந்துரைக்க முடியாது. தண்ணீரைத் தெளித்தாலும் கீறல் ஒரு கணம் அடைபட்டு வேகம் மாறும், அதுவே போதும்.

அடுத்தது ஸ்லோ ஜெட் எனப்படும் குறைவேகப் பெட்ரோல் துளை. த்ராட்டில் மூடிய நிலையில் இன்ஜினுக்குப் பெட்ரோல் வருவது இதன் வழியாக மட்டுமே. துளையின் விட்டம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சில மாதங்கள் ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி விட்டுச்செல்லும் பிசின் இந்தத் துளையில்தான் முதலில் படிகிறது. அதைக் கம்பியால் குத்தித் திறப்பவர்கள் துளையைப் பெரிதாக்கிவிட்டு, பிறகு பெட்ரோல் குடிக்கிறது என்ற புதுப் புகாருக்கு வழி செய்கிறார்கள். கிளீனரில் ஊறவைத்து அழுத்தக் காற்றால் ஊதுவதே சரி. அதற்கும் மசியாவிட்டால் புதிய ஜெட்டின் விலை பெரிதல்ல.

இதையெல்லாம் முடித்த பின்னரே திருகுக்கு முறை வருகிறது. அந்தத் திருகு எல்லாக் கார்புரேட்டரிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. த்ராட்டிலுக்கும் ஏர் ஃபில்டருக்கும் இடைப்பட்ட பக்கத்தில் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்தும் ஏர் ஸ்க்ரூ. வலப்புறம் உள்ளே திருப்பினால் காற்று குறைந்து கலவை செறியும். த்ராட்டிலுக்கும் இன்ஜினுக்கும் இடைப்பட்ட பக்கத்தில் இருந்தால் அது கலவையைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ. அதை இடப்புறம் வெளியே திருப்பினால்தான் கலவை செறியும். ஒரு வண்டியில் பலித்த திருப்பம் இன்னொன்றில் கோளாறைக் கூட்டுவதன் மர்மம் இவ்வளவே. நன்கு சூடேறிய இன்ஜினில், முழுதும் மூடிய நிலையிலிருந்து சுமார் ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்றுக்குள் ஐடிலிங் மிக உயர்ந்தும் சீராகவும் நிற்கும் இடத்தைத் தேட வேண்டும். அந்த எல்லைக்குள் அது கிடைக்கவில்லை என்றால் ஜெட்டிலோ கசிவிலோ ஏதோ மிச்சமிருக்கிறது என்று பொருள். திருகை மேலும் மேலும் திருப்புவதில் பயனில்லை.

வெற்றிடத்தால் பிஸ்டன் உயரும் வகைக் கார்புரேட்டர்கள் பலவற்றில் இன்னொரு சிறு பாகம் ஒளிந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் எழும் கடும் வெற்றிடத்தால் இழுபட்டு, ஸ்லோ ஜெட்டுக்குப் போகும் காற்றை ஓரளவு மறித்து, கலவையைத் தற்காலிகமாகச் செறிவாக்கும் உதரவிதான வால்வு அது. ஏர் கட் வால்வு என்று சொல்வார்கள். இந்த வெடிப்பைத் தடுப்பதற்கென்றே வடிவமைப்பாளர்கள் வைத்த பாகம் இது என்பதும், கார்புரேட்டர் சுத்தம் செய்யும்போது பலர் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கவை. கட்டைவிரல் நகத்தளவான அந்த மெல்லிய ரப்பரில் ஊசிமுனைத் துளை விழுந்தால் போதும், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் வெடிப்பு தொடரும்.

பழைய வண்டிகளில் அண்மைக் காலமாக இந்தப் புகார் எழுமானால், எரிபொருளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனால் தனக்குள்ளேயே ஆக்ஸிஜனைக் கொண்டிருப்பதால், அது எரிய எடைக்கணக்கில் 9 பங்கு காற்றே போதும். இந்தியாவில் 2023ஆம் ஆண்டு அறிமுகமாகிப் பிறகு நாடெங்கும் பரவிய, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவையான விகிதம் 14.7 அன்று, ஏறக்குறைய 13.5. சுத்தப் பெட்ரோலுக்கென ஜெட் அமைக்கப்பட்ட கார்புரேட்டர் இந்த மாற்றத்தை அறியாது. அதே துளை, அதே காற்று, ஆனால் கலவை 7 முதல் 8 சதவீதம் நீர்த்துவிடுகிறது. முன்பு விளிம்பில் இருந்த வண்டி இதனால் விளிம்பைத் தாண்டுகிறது. எத்தனால் பழைய ரப்பர் பாகங்களைக் கெடுக்கக்கூடியது என்பதும் இதனோடு சேர்கிறது. ஸ்க்ரூவை அரைச் சுற்றளவு செறிவுப் பக்கம் திருப்புவதோ, ஸ்லோ ஜெட்டை ஓர் அளவு கூட்டுவதோ இங்கே நியாயமான சிகிச்சை.

டேப்பட் எனப்படும் வால்வு இடைவெளி பற்றி ஒரு சொல். எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி, வால்வு அமரும் வளையம் தேய்வதால் நாளடைவில் குறைந்துகொண்டே போய், கடைசியில் வால்வு முழுதாக மூடாத நிலைக்கு வரலாம். அப்போது எரியும் வாயு வால்வின் விளிம்பைச் சுட்டுக்கொண்டே வெளியே கசிகிறது. டேப்பட் சத்தமே இல்லாத இன்ஜின் நல்ல இன்ஜின் என்ற எண்ணம் அதனால் ஆபத்தானது. தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியைக் குளிர்ந்த இன்ஜினில் ஃபீலர் கேஜால் அளப்பதும், சந்தேகம் நீடித்தால் கம்ப்ரஷன் அளவைப் பார்ப்பதும் தவிர்க்கக் கூடாதவை. இக்னிஷன் நேரம் தாமதமானாலும் எரிதல் தாமதித்து வால்வைத் தாண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய கார்களில் இதை ஸ்ட்ரோப் விளக்கால் சரிபார்க்கலாம். பின்வந்த வண்டிகளில் இதை மின்னணுக் கருவியே கவனித்துக்கொள்வதால் இந்தக் காரணம் அரிது.

இன்ஜெக்ஷன் வண்டிகளில்

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்ததோடு புதிய இரு சக்கர வண்டிகளிலிருந்து கார்புரேட்டர் ஏறக்குறைய முழுதாக விடைபெற்றது. இன்ஜெக்ஷன் இன்ஜினில், த்ராட்டில் மூடி, சுற்று வேகம் சுமார் 1,500 முதல் 2,000க்கு மேல் இருந்தால் இசியு எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. வெறும் காற்று வெடிக்காது. எனவே இத்தகைய வண்டியில் நீடித்த வெடிச் சத்தம் கேட்டால், நிறுத்தப்பட்ட பிறகும் எங்கிருந்தோ பெட்ரோல் வருகிறது அல்லது நிறுத்தும் கட்டளையே பிறக்கவில்லை என்று பொருள். முன்னதற்குச் சொட்டும் இன்ஜெக்டர் காரணமாகலாம். பின்னதற்கு, த்ராட்டில் மூடிவிட்டதை அறிவிக்கும் சென்சார் தவறான அளவைத் தருவது. த்ராட்டில் மூடிய கணத்தில் ஓரிரு முறை மட்டும் மெல்லிதாகக் கேட்பது வேறு: இன்டேக் குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் பெட்ரோல் படலம், வெற்றிடம் எழுந்ததும் ஆவியாகிச் சில சுற்றுகளுக்கு ஒழுங்கற்ற கலவையைத் தருவதன் விளைவு அது, பழுது அன்று.

கார்களில் இசியுவின் தகவல்களைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் பெரும் உதவி. அது காட்டும் ஃபியூவல் ட்ரிம் என்ற எண், இசியு தன் கணக்கைவிட எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ தருகிறது என்பதைச் சொல்கிறது. நீண்டகால ட்ரிம் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டலில் நின்று, ஐடிலிங்கில் அதிகமாகவும் வேகம் கூடக் குறைவாகவும் இருந்தால் இன்டேக் பக்கம் காற்றுக் கசிவு உண்டு. பிரேக் பூஸ்டர் குழாய், கிராங்க்கேஸ் புகைக் குழாய், இன்டேக் கேஸ்கட் ஆகியவற்றைப் புகைச் சோதனையால் பார்க்க வேண்டும். பி0171 என்ற குறியீடு நீர்த்த கலவையையும் பி0300 பல சிலிண்டர்களில் நேரும் மிஸ்ஸிங்கையும் குறிக்கும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. எக்ஸாஸ்டில் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் ஒரு சிறு துளை விழுந்தால், அதன் வழியாக இழுபடும் வெளிக்காற்றைச் சென்சார் எரியாமல் மிஞ்சிய ஆக்ஸிஜன் என்று நம்புகிறது. கலவை நீர்த்துவிட்டது என்று இசியுவிடம் சொல்கிறது. இசியு உண்மையில் சரியாக இருந்த கலவைக்கு மேலும் பெட்ரோலைச் சேர்க்கிறது. ஸ்கேனர் நீர்த்த கலவை என்கிறது, பிளக்கோ கரி படிந்து கறுத்திருக்கிறது. முரண்பட்ட இந்த இரண்டு சான்றும் ஒன்றாகக் கிடைத்தால் சென்சாரை மாற்றுவதற்கு முன் துளையைத் தேட வேண்டும். பி.எஸ். 6 மோட்டார் சைக்கிள்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

காரில் இந்தச் சத்தத்தைச் சாதாரணமாக விட்டுவிட முடியாததற்குக் காரணம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். நச்சு வாயுக்களை மாற்றும் அந்தத் தேன்கூட்டு வடிவச் செராமிக் பாகம் வழக்கமாக 400 முதல் 800 டிகிரி செல்சியஸில் வேலைசெய்வது. எரியாத பெட்ரோல் தொடர்ந்து அதற்குள் எரிந்தால் வெப்பம் கட்டுமீறி ஏறி, செராமிக்கே உருகி அடைத்துக்கொள்ளும். டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மின்னி மின்னி எரிந்தால், மிஸ்ஸிங் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்குப் போய்விட்டது என்று பொருள். அந்நிலையில் வேகத்தைக் குறைத்து வண்டியை ஓரங்கட்டுவதே செலவைக் குறைக்கும்.

இத்தனை பாடுபட்டு அடக்கும் சத்தத்தை வேண்டுமென்றே உண்டாக்குபவர்களும் இருக்கிறார்கள். ராலி பந்தயக் கார்களில் டர்போவின் சுழற்சி தளராமலிருக்க, ஆக்ஸிலேட்டரை விட்ட நிலையிலும் பெட்ரோலை எக்ஸாஸ்டில் எரிக்கும் முறை உண்டு. அங்கே அதற்கு ஒரு பயன் இருக்கிறது, பந்தயத்துக்குப் பந்தயம் பாகங்களை மாற்றும் வசதியும் இருக்கிறது. சாலையில் ஓடும் வண்டிக்கு அந்த நியாயம் கிடையாது. ஓடும்போதே கில் சுவிட்சை அணைத்து, கார்புரேட்டர் அனுப்பும் கலவையைச் சைலன்சரில் நிரப்பி, மறுபடி போட்டு வெடிக்கச் செய்வது சைலன்சரின் உட்தகடுகளைப் பிய்த்துவிடும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அதையும் சேர்த்து. ஒலி மற்றும் புகை விதிகளை மீறுவோருக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டையும் விதிக்க இடமளிக்கிறது.

மறுபக்கம், எல்லாச் சத்தமும் நோய் அன்று. பெரிய ஒற்றைச் சிலிண்டரும் கார்புரேட்டரும் கொண்ட புல்லட் போன்ற வண்டி, மலைப்பாதையில் தாழ்ந்த கியரில் இன்ஜின் பிடிப்பில் இறங்கும்போது சைலன்சருக்குள் மெல்லிய பொருமல் கேட்பது இயல்பானதே. பேக்கிங்கும் ரப்பர் குழாயும் சரியாக இருந்து, பிளக்கின் முனை பழுப்பு நிறத்தில் இருந்து, ஐடிலிங் சீராக நின்றால் அந்தப் பொருமலை அடக்கப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. நேற்று வரை இல்லாமல் இன்று தொடங்கிய சத்தத்துக்கும், நாளுக்கு நாள் வலுக்கும் சத்தத்துக்கும் மட்டுமே பட்டறை தேவை. அங்கே போகிறவர், கார்புரேட்டரின் திருகில் கைவைப்பதற்கு முன் பெண்டு பைப்பின் பேக்கிங்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.